பத்து வருஷத்துப் பர்கண்டி

நேற்று மருமகன் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைத் திறந்தார். வாசனை வந்ததும் என் கை தானாக எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டது. மகள் பார்த்துவிட்டாள். நீங்கள் செத்து இத்தனை காலமாகியும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

புருஷனை 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், பழக்கம்.

எழுபதுகளில் நம் ஆம்பூர் டேனரிக்குத் தோல் வாங்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு முறையும் மூன்று பாட்டில் கொடுப்பார். பர்கண்டி என்கிற அவர்கள் சீமை ஒயினில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, கூடவே போஜொலே என்று இன்னொரு சிவப்பு ஒயின். எதை எப்போது குடிக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நீங்கள் காதில் வாங்கினால்தானே? தோல் மாதிரிதான் இதுவும், ஊற ஊற நன்றாக வரும் என்று நீங்களே ஒரு சட்டம் போட்டீர்கள். தண்ணீர்த் தொட்டி அறையில் படுக்கவைத்து ஈரச் சாக்கு போர்த்தினீர்கள். சாக்கு காயாமல் பார்ப்பது என் வேலை. காய்ந்தால் கன்னத்தில் அறை. கத்திரி வெயிலில் சாக்கு காயாமல் என்ன செய்யும்?

ஒரு சாயங்காலம் வெள்ளையைத் திறந்து எனக்கும் ஒரு வாய் கொடுத்தீர்கள். "புதுப் பானைத் தண்ணில எலுமிச்சங்கா புழிஞ்ச மாதிரி இருக்குங்க" என்றேன். சிரித்தீர்கள். அடுத்த தடவை பிரெஞ்சுக்காரரிடம் அதையே உங்கள் கண்டுபிடிப்பாகச் சொன்னீர்கள். அன்று ஒருநாள் நல்ல மனுஷனாக இருந்தீர்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கடைசியாக வீட்டுக்கு வந்தார். ஏழெட்டு வருஷம் பூட்டிவைத்த போஜொலேயைப் பெருமையாகத் திறந்தீர்கள். அவர் ஒரு வாய் பருகிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். நீங்களும் குடித்தீர்கள். சுத்த வினிகர்.

"தறிக்காரன் பொண்ணுக்கு ஒரு சாக்க நனைக்கக்கூட வக்கில்லயா?" என்று அந்தப் பாட்டிலாலேயே என் நெற்றியில் அடித்தீர்கள். ஒயினும் ரத்தமும் ஒன்றாகக் கண்ணில் இறங்கின. பிரெஞ்சுக்காரர் உங்கள் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார். கூட வந்த மேனேஜர் அதைத் தமிழில் சொன்னார்: "சார், இத வாங்கின வருஷமே குடிச்சிடணுமாம். வெச்சதே தப்பாம். அம்மா மேல தப்பு கெடையாதாம்."

அவர்கள் போனதும் பெல்ட்டைக் கழற்றினீர்கள். உங்கள் தப்பு வெளியாள் முன்னால் தெரிந்துபோனதற்கும் அடி எனக்குத்தான். பக்கிள் முதுகைக் கிழித்தது. மறுபடி கிழித்தது. தொட்டி அறைக்கு ஓடினேன், நீங்கள் பின்னாலேயே துரத்தி வந்தீர்கள். அவர் முதன்முதல் கொடுத்த சிவப்புப் பர்கண்டி, நீங்கள் உயிராக வைத்திருந்தது, அங்கே கிடந்தது. பாட்டிலின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் அடித்தேன். உடைந்த முனையை உங்கள் தொண்டையில் வைத்து அழுத்தினேன். ரத்தம் எட்டிப்பார்த்தது.

"இன்னொரு தபா கை வெச்சுப் பாருடா. அறுத்துப் போட்டுட்டு குடியாத்தத்துல எங்கப்பன் வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன்."

பெல்ட் கீழே விழுந்தது. அதன்பிறகு சாகும்வரை நீங்கள் என்மேல் கை ஓங்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை. சோறு போட்டேன், அவ்வளவுதான்.

அன்று தரையில் உட்கார்ந்து தேம்பினீர்களே, கழுத்துக் காயத்துக்காகவா? "பத்து வருஷம் வெச்ச சரக்குடி, எப்டி இருந்திருக்கும்னு கூட தெரியாம போய்டுச்சே" என்று அழுதீர்கள்.

எனக்குத் தெரியும். முழங்கை வரை வழிந்த ஒயினை, நீங்கள் தேம்பிக்கொண்டிருக்கும்போதே நக்கிப் பார்த்தேன். புளிக்கவில்லை. நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. நாவல்பழமும் மழை விழுந்த மண்ணும் சேர்ந்தாற்போல் இருந்தது. அப்படியொரு ருசியை முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. இன்றைக்கும் நாக்கிலேயே இருக்கிறது.

சாகக் கிடந்தபோதும் என்னைக் கூப்பிட்டு அதைத்தானே கேட்டீர்கள், கையில் வழிந்ததே, வாயில் வைத்துப் பார்த்தாயா என்று.

"பார்த்தேங்க. அதுவும் வினிகர்தான்" என்றேன்.