தலைவருக்கு ஒரு தங்கை

டத்தோ கிராமாட், பினாங்கு

அன்பு மகன் குணாளனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே பிரான்ஸில் துலூஸ் குளிரில் நீயும் மருமகள் சாந்தினியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய், அதனால்தான் காகிதம்.

விமானக் கம்பெனியில் உனக்குப் பெரிய பதவி கிடைத்ததில் பெருமைதான், இல்லை என்றால் பொய். மற்றக் கம்பெனிகளை வாங்குவதற்கும் சேர்ப்பதற்கும் இனி நீதான் தலைவராம். பாசாருக்குக் காய் வாங்க அனுப்பினால் பாதி சொத்தைக் கத்திரிக்காயோடு திரும்பி வந்தவனை நம்பி இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள், தைரியசாலிகள். உன் வாசு மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் விமானமே வாங்குகிறான் என்று கோயிலில் எல்லாரிடமும் சொன்னது போதாதென்று தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு வாழ்த்து விளம்பரம் வேறு கொடுத்துவிட்டார். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, ஒருவருக்குப் பட்டம் வந்தால் குடும்பமே படத்தில் நிற்க வேண்டும். உன் படத்துக்குக் கீழே எங்கள் படம், அதைவிடப் பெரிதாக மாமா படம், பக்கத்தில் அன்புத் தங்கை மோகனா, பாயான் லெப்பாஸில் எந்தத் தொழிற்சாலை, என்ன வேலை என்பது வரைக்கும் போட்டிருந்தார்.

மறுநாள்தான் மோகனாவுக்கு உன் செய்தி வருகிறது. உங்கள் கம்பெனி முதலில் வாங்கப் பார்ப்பது அவள் வேலை செய்யும் அந்தத் தொழிற்சாலையைத்தானாம், அடுத்த மாதம் நீயே பார்வையிட வருகிறாயாம், நீ அண்ணன் என்று அவள் யாரிடமும் சொல்லக் கூடாதாம், நேரில் பார்த்தாலும் தெரியாதவள் மாதிரி நிற்க வேண்டுமாம். ரொம்ப நல்ல ஏற்பாடு தம்பி. ஆனால் அதற்குள் மாமாவின் விளம்பரத்தை யாரோ கத்தரித்துக் கேண்டீன் சுவரில் ஒட்டிவிட்டார்கள், விற்கப்போகும் பேச்சும் அங்கே ஏற்கெனவே கசிந்திருக்கிறது. தமிழ் தெரியாத ரோஹானாவுக்குக்கூடப் படம் புரிந்துவிட்டது, இத்தனை வருஷம் மோகனாவோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள் இப்போது வேறு மேசைக்குப் போய்விட்டாள், மோகனா உனக்காக வேவு பார்க்கிறாள் என்று நினைக்கிறாளாம். மற்றவர்கள், அக்கா உங்க அண்ணன்கிட்ட சொல்லி என் வேலைய மட்டும் காப்பாத்துங்கலா என்று பின்னாலேயே வருகிறார்களாம்.

தங்கை அங்கே இருப்பதை மேலே சொன்னால் இந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள், பதவிக்கு வந்ததும் முதல் வேலையே கைவிட்டுப் போய்விடும் என்று அப்பாவிடம் சொன்னாயாமே. போகட்டும். கம்பெனி இன்னொன்று கிடைக்கும், அதற்குத்தானே உனக்குச் சம்பளம். மோகனா உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. நேற்றுத் துணி மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள், வேலை போனா வேற தேடிக்கலாம்மா, ஆனா அண்ணன் எல்லார் முன்னாலயும் எனக்குக் கை குடுத்து உங்க பேரு என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது என்று. அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். மனசு கொதிக்கிறது தம்பி.

நீ நூறு வயசு வரை நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மருமகளிடம் வெறும் வயிற்றில் காப்பி குடிக்க வேண்டாம் என்று சொல். கடிதம் கிடைத்த அன்றே உன் மேலதிகாரியிடம் மோகனா யார் என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. சொல்லிவிட்டால் நீ எப்போது வந்தாலும் வீட்டில் உனக்குச் சோறு உண்டு. சொல்லாமல் வந்தால் ஹோட்டலிலேயே தங்கிக்கொள்.

இப்படிக்கு,
மோகனாவின் அம்மா,
ஜெயலெட்சுமி