கப்பலில் வந்த பிரஸ்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன்னைக் காவு வாங்கிய, இரும்புத் தகட்டை அடித்து வெட்டும் அந்த பிரஸ் நேற்று லாரி ஏறித் துறைமுகத்துக்குப் போய்விட்டது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அது வந்த நாளில் என்ன ஆட்டம் ஆடினாய் நீ. நம் கம்பெனியில் சேர்ந்த வெளிநாட்டுக் கம்பெனி தன் பங்குக்குப் பணம் தராமல் மிஷினாகத் தந்தது. புத்தம் புதுசு என்று விலை போட்டார்கள். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. சீமை மிஷினை ஓட்டப்போவது நான்தான் என்று மணவாள நகர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாய்.

ஆயுத பூஜைக்கு நாம் இருவரும்தான் அதன் பிசுக்கைச் சுரண்டினோம். நீ சுரண்டிய இடத்தில் பச்சை உரிந்து, பழைய சாம்பல் நிறம் தெரிந்தது. முன்பக்கம் பட்டி பூசி அடைத்த போல்ட் ஓட்டைகள். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக் கூண்டு இருந்த இடம் என்று உனக்குப் புரிந்துவிட்டது. கையில் பொரியோடு மேனேஜரிடம் போனாய்.

"இதுல கூண்டு இருந்துக்கிது சார். இன்னா ஆச்சு அது?"

அவர் கோபப்படக்கூட இல்லை.

"கூண்டு இருந்தா ஒவ்வொரு அடிக்கும் தூக்கி எறக்கணும், வேலை பாதியாயிடும். அங்க சட்டம் கேக்குதுன்னு மாட்டி வெச்சிருந்தாங்க. இங்க யாருப்பா கேக்கறாங்க?"

மறுநாளே சுரண்டிய இடத்தில் மறுபடி பச்சை அடித்தாகிவிட்டது. ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்று அண்ணியைச் சமாதானப்படுத்தினாய். எத்தனை நாளைக்கு அண்ணா? மிஷினுக்கு அலுப்பு கிடையாது. உனக்கு இருந்தது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் உன் இரண்டு கைகளும் உள்ளே போயின. ரத்தம் நிற்காமல், திருவள்ளூர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நீ போய்விட்டாய்.

உன் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதிக்கொண்டது. ஹெல்பராக இருந்த எனக்குப் பெரிய மனசு பண்ணி உன் வேலையைக் கொடுத்தார்கள். அதே பிரஸ், அதே ஸ்டூல். இடுக்கில் காய்ந்திருந்த உன்னைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொன்னார்கள். துடைத்தேன்.

இப்போது புதுச் சட்டமாம். வெளிநாட்டுக்காரர்கள் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். குறைப்பதற்குப் பதில் அவர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். பிரஸ் வேறொரு தேசத்தில் அவர்களுக்கே இருக்கும் இன்னொரு கம்பெனிக்குப் போகிறது. அங்கேயும் புதுசு என்றுதான் சொல்வார்களோ என்னவோ, நீலப் பெயின்ட் அடித்தோம்.

லாரி வருவதற்கு முன் மேனேஜர் என்னைப் பின்பக்க குடோனுக்குக் கூட்டிப்போய் ஒரு மரப்பெட்டியை உடைக்கச் சொன்னார். அதன் ஆணியைக்கூட யாரும் பிடுங்கியிருக்கவில்லை. உள்ளே அந்தக் கூண்டு. பிரஸ்ஸோடு அதே கப்பலில் வந்ததாம். நீ வேலை செய்த நாளெல்லாம் உன் முதுகுக்குப் பின்னால், ஒரு சுவர் தள்ளி, வைக்கோல் சுற்றிப் பத்திரமாக இருந்திருக்கிறது.

"மாட்டிடுப்பா. அங்க இன்ஸ்பெக்டர் வந்து பாப்பாராம்."

பட்டியைக் குத்தி எடுத்தேன். போல்ட்டுகளை முறுக்கினேன். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பிரஸ் ஒழிந்ததா என்று ராத்திரி அண்ணி கேட்டார். ஒழிந்தது என்றேன். கூண்டைப் பற்றி மட்டும் அவரிடம் சொல்ல மாட்டேன் அண்ணா. அதை மாட்ட எவ்வளவு நேரம் ஆனது என்று அவர் கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன்? சாகும்வரை சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

உன் ஸ்டூலில் உட்கார்ந்த
உன் தம்பி