கடைசிப் பாட்டுக்குப் பிறகு

உங்கள் சிடி என் மேசைமேல் இருக்கிறது. அட்டையைத் திறந்தால் இன்னும் வெங்காய வாசம். நேற்று உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்தது. அதுவரை நானும் பாட்டு எதுவும் வைக்கவில்லை. இன்று இதை ஓடவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒழுங்கில்லாமல் எழுத எனக்குக் கை வராது. ஆகவே, சொல்ல வேண்டியவை முதலில்:

1. அந்த அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பம் உங்கள் கைக்கு வந்த விதம்.
2. அதை நாம் கேட்ட விதம்.
3. கடைசிப் பாட்டுக்குப் பிறகு இன்னொரு பாட்டு இருக்கிறது என்றீர்கள். இல்லை. அது உங்கள் நோயின் வேலை.

கல்யாணமாகிப் போன உங்கள் மகள் அலமாரியில் விட்டுச்சென்ற சிடி அது. அதை நீங்கள் சமையல் வேலை பார்த்த லா சப்பல் உணவகத்துக்கு எடுத்துப்போய், ரொட்டிக்கு மா குழைக்கும்போது போட்டீர்கள். முதலாளி பக்திப் பாட்டுப் போடச் சொன்னாராம். “சாமிப் பாட்டுக்கு மா இளகாது அண்ணை, இவன் கத்தினால்தான் இளகும்” என்றீர்களாம் அவரிடம்.

ஞாயிறுதோறும் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு அதைக் கொண்டுவருவீர்கள். புதுச்சேரிக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன் என்பதால் நான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

“இவன் ஏன் இப்பிடிக் கத்துறான்? ஆரும் அடிச்சுப்போட்டினமோ?”

“இல்லீங்க. வீட்டுல அவங்க அப்பா இவர்கிட்ட பேசறதே இல்லையாம்.”

சிடி அட்டையைக் கையில் எடுத்தீர்கள். “அப்ப என்ரை பிள்ளையும் கதவைச் சாத்திப்போட்டு இதைத்தானோ கேட்டவள்?”

கடைசிப் பாட்டு அடங்கியதும், பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டிவிடுவார்களோ என்று எழுந்து பொத்தானை அழுத்தினேன். எப்போதும் அப்படித்தான்.

பிறகு உங்களுக்கு மறதி வந்தது. குழம்புக்கு மறுபடியும் உப்புப் போட்டீர்கள். வேறு மெத்ரோ நிலையத்தில் இறங்கி அங்கிருந்து எனக்குப் போன் செய்தீர்கள். அந்த நாட்களில்தான் கேட்டீர்கள்: “எல்லாம் முடிஞ்சு கனநேரத்தாலை ஒருத்தன் தனியப் பாடுறான். அதிலை என்ன சொல்லுறான் அண்ணை?”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைப் படித்தேன். “அப்படி ஒரு பாட்டு இதுல போடலையேங்க.”

“அப்ப எனக்குத்தான் மண்டை பிழைச்சுப்போச்சு” என்று சிரித்தீர்கள். சிடியை இங்கேயே விட்டுப் போனீர்கள். அதன்பிறகு அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

இதுவரை எழுதியபோது அழைப்பு மணி அடித்தது. உங்கள் மகள். “நேற்றுச் சாப்பிடாமலே போயிட்டீங்கள் மாமா. அப்பாக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் கறி.” உள்ளே வரச் சொன்னேன். பாட்டைக் கேட்டபடி வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது கடைசிப் பாட்டு முடிந்தது. எச்சில் கை. பொத்தானைத் தொட மனமில்லை. சத்தமில்லாமல் ஓடட்டும் என்று விட்டேன். சாப்பாடு முடியப்போகும் நேரம், அந்த அமைதிக்குள்ளிருந்து ஒருவன் தொண்டையைச் செருமினான். வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். அட்டையில் போடாத பாட்டு. ஒரு கிட்டாரும் தாழ்ந்த குரலும் மட்டும். கத்தலே இல்லை.

அன்று உணவகத்தில் உங்கள் கையும் மாவுக்குள் இருந்திருக்கும். நிறுத்த முடியாததால் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட அர்த்தம் இது: அவன் அப்பாவின் வீட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறான். மணி அடிக்கவில்லை. உள்ளே அவர் இருமுவது கேட்கிறது. அது கேட்கிறவரை அங்கிருந்து போகமாட்டானாம்.

இனி இந்த வீட்டில் அந்தப் பாட்டை யாரும் பாதியில் நிறுத்தமாட்டார்கள். மேலே எழுதிய எதையும் நான் அடிக்கவில்லை. ஆனால் பட்டியலில் மூன்றாவது தவறு.