நிறம் வந்திருக்காம்

9-6-2024
சிதம்பரம் போய் வித்யாவைப் பார்த்துட்டு வந்தேன். என் மகன் பெத்த பொண்ணு, இப்ப நாலு மாசம் முழுகாம இருக்கா. மாடி ஏறினா மூச்சு வாங்குது. அவ மாமியா சௌந்தரம் பெருமையா சொல்றா, "மாசமானதும் பொண்ணுக்கு என்னமா நிறம் வந்திருக்கு பாருங்க சம்மந்தி."
கண்ணுக்குக் கீழ இழுத்துப் பார்த்தேன். கணவா மீனுச் சதை மாதிரி வெள்ளை. நிறமாம், நிறம்.
1986ல என் தங்கச்சி தில்லையம்மாளோட மாமியாவும் இதே வார்த்தையத்தான் சொன்னா. ஐப்பசி, வெள்ளிக்கிழமை. என்ன சேலை கட்டியிருந்தான்னுகூட சொல்லுவேன். தில்லை புள்ளையப் பெத்தா, ரத்தம் நிக்கல. ஒடம்புல இருந்ததே கொஞ்சம், அதுவும் போச்சு, அவளும் போயிட்டா. அந்த வருசம் எங்க தெருவுல மாசமா இருந்தது ஏழு பேரு. ஏழு பேரும் வெளுப்பு. மாசமானா வெளுக்கும்னு நெனச்சோம். அது நோவுன்னு எங்களுக்கு யாரு சொன்னா?

12-6-2024
வித்யாவைக் கடலூருக்கு, எங்க ஊட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். நர்ஸ் பிரிசில்லா வெரல்ல குத்திப் பார்த்துச்சு. ரத்த அளவு எட்டு புள்ளி ஒண்ணு. பதினொண்ணு இருக்கணுமாம். இப்படியே இருந்தா பிரசவத்துல உசுருக்கு ஆபத்துன்னுது. இரும்புச் சத்து மாத்திரை குடுத்துச்சு.
சௌந்தரம் போன்ல, மாத்திரை போட்டா புள்ள கறுப்பா பொறக்கும்னா. பொறக்கட்டும், எங்க ஊட்டுல யாரும் வெள்ளைக்காரன் இல்லன்னு சொல்லிப் போனை வெச்சிட்டேன்.

15-6-2024
மாத்திரை போட்டா கொமட்டுதுங்குறா. காலையில டீயோட குடுக்கிறேன். கொமட்டல் நிக்குது.

20-7-2024
எட்டு புள்ளி ரெண்டு. அவ்ளோதான்.
எப்படி? நானே எடுத்துக் குடுக்கிறேனே. நடுவுல ஒரு வாரம் சிதம்பரம் போயிருந்தா — அங்க சௌந்தரம்தான் தூக்கிப் போட்டிருப்பா. வேற யாரு? போன் போட்டு, எம்பேத்தியக் கொல்லப் பாக்குறியான்னு கேட்டுட்டேன். அவ போனை வெச்சிட்டா.

22-7-2024
இன்னைக்கு நடந்தத எழுதவே கை வரல.
காலையில பிரிசில்லா வந்துச்சு. வித்யா கையில மாத்திரை, எங்கையில டீ கிளாஸ். "ஆயா, எத்தினி நாளா இப்படி?"ன்னுச்சு. தெனமும்தான்னேன். டீ இரும்ப ஒடம்புல சேர விடாதாம். சாப்பிட்ட பிறகு, எலுமிச்சம்பழ ஜூஸோட போடணுமாம்.
ஒரு மாசத்துக்கு மேல. எங்கையாலயே. தில்லையோட மாமியாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவளுக்காவது தெரியாது. எல்லாம் தெரியும்னு இருந்தவ நான்.
சாயந்தரம் சௌந்தரத்துக்குப் போன் போட்டேன். சம்மந்தி, தப்பு எம்மேலன்னேன். வாய்க்குள்ள முள்ளு குத்தின மாதிரி இருந்துச்சு.
"சாவுற வரைக்கும் இத மறக்க மாட்டேன் சம்மந்தி"ன்னா.
சரிதான். நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்.

24-8-2024
ஒம்போது புள்ளி அஞ்சு! முருங்கக்கீரை, மத்தி மீனு, ஆட்டு ஈரல், எதையும் விடல. டீ கிளாஸத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன். அவளுக்கு இல்லாதது எனக்கும் வேணாம்.

28-9-2024
பத்து புள்ளி ஆறு. மாடிக்கு ஓடுறா. மெதுவாப் போடின்னு இப்ப நான் கத்துறேன்.

26-10-2024
பதினொண்ணு புள்ளி மூணு. பிரிசில்லாவ ரெண்டு தடவ குத்தச் சொல்லிப் பார்த்தேன்.

14-11-2024
பெரிய ஆஸ்பத்திரி. பொண்ணு. ரெண்டே முக்கா கிலோ. ரத்தம் குடுக்கணும்னு வித்யா புருசன் சிலம்பரசன் நாலு கூட்டாளிங்களோட விடிஞ்சதுலேருந்து நின்னான். தேவையில்ல, வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிட்டாங்க. அந்த வார்த்தைய நான் ரெண்டாந்தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். முப்பத்தெட்டு வருசமாச்சுடி தில்லை.

6-12-2024
பிரிசில்லா நோட்டப் பார்த்துச் சொன்னுச்சு. இந்த ஊருக்கு வேலைக்கு வந்தப்ப, மாசமா இருந்த பத்துல எட்டுப் பேருக்கு ரத்தம் கம்மியாம். இந்த மாசம் ஒம்போது பேருல ரெண்டே பேரு. யாருன்னு கேட்டேன். பேரு சொல்லக் கூடாது ஆயான்னுச்சு.
சொல்ல வேணாம், மூஞ்சி வெளுப்பே சொல்லுது. ஒருத்தி ஜெயசீலன் பொண்டாட்டி. இன்னொருத்தி தனக்கோடி மருமவ. தனக்கோடிக்கும் எனக்கும் ஆறு வருசமாப் பேச்சு இல்ல. என்ன சொன்னா, எங்க நின்னு சொன்னா, எல்லாம் ஞாபகம் இருக்கு.
காலையில எலுமிச்சம்பழம் எடுத்துக்கிட்டு அவ ஊட்டுக்குத்தான் மொதல்ல போறேன்.