எனக்காக எடுத்த காவடி

12-3-1957
இன்றும் என்னை ரேடியோவில் பாட எடுக்கவில்லை. மூன்றாவது முறை. மலாயாவில் எங்கள் ஊர் குளுவாங் கோயிலில் நான் பாடினால் ரயில் ஸ்டேஷனில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தைரியத்தில்தானே சிங்கப்பூருக்கு வந்தேன்? வானொலி நிலையத்தில் பாடகர்களைத் தேர்வு செய்யும் இராஜரத்தினம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து பொறுமையாகத்தான் சொன்னார். "மைக்குக்கு நல்லாக் காது கேக்கும், தம்பி. நீர் கத்த வேண்டாம்."

கத்துகிறேனாம்.

2-4-1957
பஃபலோ ரோட்டு மளிகைக் கடையில் வேலை, கடைக்கு மேலே ஒன்பது பேரோடு படுக்கை. இராமசாமி அண்ணனுக்கு ராத்திரி வேலை, பகலில் தூங்குவார். மத்தியானம் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பழகுகிறேன். அவர் விழித்தால் நான் தோற்றேன் என்று கணக்கு. இன்று இரண்டு தடவை தோற்றேன். பாவம், திட்டவில்லை.

19-6-1957
முழுப் பாட்டையும் பாடி முடித்தேன். அண்ணன் குறட்டை நிற்கவே இல்லை.

8-10-1957
எடுத்துவிட்டார்கள். மாதம் ஒரு தடவை, கால் மணி நேரம். கடை முதலாளிகூடக் கை கொடுத்தார்.

3-11-1957
அம்மாவின் கடிதம். காப்பிக் கடை ரேடியோவில் கேட்டாளாம், பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போல இருந்ததாம். நான் ரேடியோவில் பாடினால் தம்பி தங்கராஜு சிங்கப்பூர்த் தைப்பூசத்தில் காவடி எடுப்பான் என்று முருகனிடம் வேண்டியிருந்தாளாம். என் தொண்டைக்கு அவன் முதுகில் வேலா? அவனை ஒரு வார்த்தை கேட்டாளா? கோபம் கோபமாக வந்தது. கடிதத்தின் அடியில் அவன் கையெழுத்தில் ஒரு வரி: "முன்னால நீங்க பாடிக்கிட்டுப் போனா எனக்கு வலிக்காது, அண்ணே."

1-2-1958
தங்கராஜு வந்துவிட்டான். விரதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. காவடிக்கு முன்னால் பாட ஒரு கூட்டத்தை ஏற்பாடு செய்யட்டுமா என்று இராமசாமி அண்ணன் கேட்டார். எதற்கு, நான் ஒருவன் போதாதா என்றேன்.

5-2-1958
தைப்பூசம் முடிந்தது. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும்போது நன்றாகத்தான் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முன்னும் பின்னும் மேளம், "வேல் வேல்" என்று ஆயிரம் தொண்டைகள். அவனுக்கு நாலடி முன்னால் பாடிக்கொண்டே நடந்தேன். குரலை எடுத்துப் பார்த்தேன் — ஏறவில்லை. மறுபடியும் எடுத்தேன். வெறும் காற்றுதான் வந்தது. எங்கே போயிற்று அது? நானேதானே ஒரு வருஷமாக அடக்கி அடக்கி...

டோபி காட் பக்கம் தங்கராஜு தடுமாறினான். ஓடிப்போய்ப் பிடித்தேன். கண் செருகியிருந்தது.

"ஏண்ணே பாடாம வர்றீங்க?"

பாடிக்கிட்டுத்தான்டா வந்தேன். காலையில இருந்து பாடிக்கிட்டேதான்டா வந்தேன். பின்னால் வந்த காவடிக்குப் பாடிக்கொண்டிருந்தவர்களிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரென்றே தெரியாதவர்கள். நாலு பேர் வந்தார்கள். டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அவர்கள்தான் பாடினார்கள். தம்பி நிமிர்ந்து நடந்தான். நான் ஓரமாகத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

8-2-1958
தங்கராஜுவை ரயில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "முழுக்க நீங்கதான் பாடினீங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."

சரி என்றேன்.