ஆறாத தொண்டைக்கட்டு

தொண்டைக்கு ஒன்றுமில்லை அப்பா. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சென்னையில் ஒரு டப்பிங் தியேட்டர். வெளியே காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி பிளாஸ்க்கைத் திறந்தார். சுக்கு, திப்பிலி. அந்த வாசனையில்தான் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள்.

அவர் பின்னணிக் குரல் கொடுப்பவர். எத்தனையோ கதாநாயகிகள் அவர் குரலில் பேசியிருக்கிறார்கள். நான் நடித்த படத்தில் ஒரு காட்சிக்கு இன்று நானே பேசிக் காட்ட வேண்டும். தேறினால் படம் முழுக்க என் குரல். தேறாவிட்டால் அவர் குரல். என்னுடையது கரகரப்பாக இருக்கிறது என்பது தயாரிப்பாளரின் கவலை.

"குடிம்மா, தொண்டைக்கு நல்லது." மூடியில் ஊற்றி நீட்டினார்.

"நீங்க குடிங்க. உங்களுக்குத் தேவைப்படலாம்."

சிரித்தார். "நீ நல்லா பேசிட்டா நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். எனக்காகவாவது நல்லா பேசு."

நடிப்பு எங்கே தொடங்கியது என்று பேட்டிகளில் கேட்கிறார்கள். பல்கலைக்கழக நாடகங்களில் என்கிறேன். பாதி உண்மை. மீதி உங்கள் ஜீப்பில் இருக்கிறது. விடிவதற்குள் கம்பத்தில் பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, ஏலக்காய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவீர்கள். பள்ளி விடுமுறையில் நானும் வருவேன். சாயங்காலம் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வரும்.

"ஏத்தா, நம்ம கங்காணி மாதிரி பேசிக் காட்டு."

காட்டுவேன். பிறகு அவர்களையே அவர்களுக்குப் பேசிக் காட்டுவேன்.

"நான் இப்படியா இழுத்துப் பேசுறேன்?"

"இதவிட மோசமா இழுப்ப. புள்ள பாவம் பாத்துக் கொறச்சுக் காட்டுது."

நீங்கள் ஸ்டியரிங்கில் குனிந்து சிரிப்பீர்கள்.

என் முதல் படம் கம்பத்துக்கு வந்த அன்று ஜீப் தோட்டத்துக்குப் போகவில்லை. அத்தனை பேரையும் தியேட்டர் வாசலில் இறக்கினீர்கள். நான் சென்னையில் இருந்தேன். அம்மா சொல்லித்தான் தெரியும். திரையில் நான் வாயைத் திறந்தேன். வேறு யாரோ பேசினார்கள்.

"என்னண்ணே, நம்ம புள்ள வாயசைக்குது, எவளோ பேசுறா?"

நீங்கள் யோசிக்கவே இல்லையாம். "அன்னைக்கு அதுக்குத் தொண்ட கட்டிக்கிருச்சு. அதான் வேற ஆள வச்சுப் பேசியிருக்காக."

நம்பித்தான் சொன்னீர்கள். அடுத்த வாரமே ஆம்னி பஸ் டிரைவர் கையில் ஒரு பொட்டலம் வந்தது. சுக்கும் திப்பிலியும் இடித்த பொடி. போன் செய்தேன்.

"அப்பா, எனக்குத் தொண்ட நல்லாத்தான் இருக்கு. இங்க அப்படித்தான். நமக்கு வேற ஆள் பேசுவாங்க."

"பேசுவாங்களாம்ல," என்று என் சென்னைப் பேச்சைச் சீண்டினீர்கள். பிறகு கேட்டீர்கள். "அப்ப மூஞ்சிய மட்டுந்தான் வாங்கிக்கிட்டாகளா?"

நீங்களே முடித்து வைத்தீர்கள்.

"சரி விடுத்தா. பொடிய வச்சிரு. என்னைக்காச்சும் பேசச் சொல்லாமலா போவாக."

அதன் பிறகு சில படங்கள். சிறிய வேடங்கள், கொஞ்சம் பெரிய வேடங்கள். எதிலும் என் குரல் இல்லை. நீங்கள் போனபோது ஊருக்கு வந்தேன். துக்கம் கேட்க வந்த ஜீப் பெண்களில் ஒருவர் என் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தொண்ட இப்ப எப்படித்தா இருக்கு? ஒவ்வொரு படத்துக்கும் கட்டிக்கிருதுன்னு அண்ணே சொல்லிக்கிட்டே இருந்தாக."

"மொளகுப் பால் குடி ஆத்தா," என்றார் இன்னொருவர்.

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். உண்மை தெரிந்த பிறகும், படத்துக்குப் படம், ஜீப் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு அதையே சொல்லியிருக்கிறீர்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் வீட்டில் நடிகர் யார் என்று அன்றுதான் தெரிந்தது.

போஸ்டர், விருது. எனக்கு அந்த ஆசைகள் இருந்தன. இருக்கின்றன. அவற்றுக்கு வெட்கப்படவும் இல்லை. ஆனால் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வேண்டியது ஒன்றே ஒன்று. நான் பேசுவது கேட்க வேண்டும்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

தோட்டத்துப் பெண் ஒருத்தி, எடையைக் குறைத்துச் சொல்லும் கங்காணியை ஏசுகிற காட்சி. முதல் முறை ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்துப் பேசினேன்.

"சுத்தமா இருக்கு," என்றார் இயக்குநர். அது பாராட்டு இல்லை.

இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் ஜீப்பில் மெல்லப் பேசினால் எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. ஏற்றத்தில் கத்த வேண்டும். வளைவில் பாதிச் சொல்லில் மூச்சை நிறுத்த வேண்டும். வண்டி நிமிர்ந்ததும் விட்ட இடத்தில் தொடர வேண்டும். அந்தப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், தரையில் நின்றாலும். என் கரகரப்பு அங்கே வந்தது. நாடகப் பயிற்சியில் அதைக் குறை என்றார்கள். முழுதாகத் தீர்க்க முடியவில்லை. நல்லவேளை. உங்கள் ஜீப்பிலிருந்து நான் இன்னும் வைத்திருப்பது அதுதான்.

கண்ணைத் திறந்து, திரையைப் பார்த்து, அப்படியே பேசினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில். இயக்குநர் எழுந்து வெளியே போனார். கதவு மூடுவதற்குள், பிளாஸ்க்கோடு காத்திருந்தவரிடம் அவர் சொன்னது கேட்டது. "அக்கா, நீங்க கிளம்பலாம்."

தண்ணீர் குடித்தேன். தாள்களைத் திருப்பி, முதல் காட்சியிலிருந்து பேச ஆரம்பித்தேன்.