மீட்டர் காட்டிய ஐந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலும் அது உண்மையும்கூட. தங்கைக்கு உடம்பு தேறிவிட்டது, பழையபடி காலையிலேயே கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்கள். சின்னவனுக்கு ஒரு பல் விழுந்தது, நீங்கள் வந்ததும் காட்ட வேண்டும் என்று தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறான். புதுக் கடை வேலையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று தெரியவில்லை.

கையெட்டும் தூரத்தில் போன் இருக்க, ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஆரம்பித்தால் நீங்கள் "பாத்துக்கலாம் மச்சான்" என்பீர்கள். நானும் "சரி மாப்பிள்ளை" என்று வைத்துவிடுவேன். நாலு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

இந்த வாரம் பிரிட்ஜ் ரிப்பேருக்கு நாலு ஹோட்டல்களுக்குப் போனேன். முதல் கடையில் கண்டென்சர் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் மாவுத் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடியிருந்தது. பழைய டூத் பிரஷை வைத்து அரை நாள் சுரண்டினேன். அடுத்த கடையில் பிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை என்று எட்டு மாதமாக ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்டூலுக்குப் பெயிண்ட்கூட அடித்தாகிவிட்டது. கதவு ரப்பரை மாற்றத்தான் யாருக்கும் நேரமில்லை. மூன்றாவது கடையில் தண்ணீர் போகிற குழாய் அடைத்து, ஐஸ் கட்டி, உள்ளே இருந்த மின்விசிறியே கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லா முதலாளிகளும் சொல்வது ஒன்றுதான்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு." இருபத்தாறு வருடமாக இதைக் கேட்கிறேன். முன்பெல்லாம் நன்றாகத் திட்டுவேன். இப்போது உட்கார்ந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது, திட்டத் தெம்பில்லை. திட்டுகிற யோக்கியதையும் இல்லை. மிகவும் அலுத்துவிட்டது மாப்பிள்ளை.

நாலாவது கடையில் நம் மாஸ்டரைப் பார்த்தேன்.

உங்கள் அடுப்படியில் பதினோரு வருடம் நின்ற மனிதர். போன மாதம் ஏழு வாடிக்கையாளர்களும் தங்கையும் கோழி சாப்பிட்டு வாந்தி பேதியில் படுத்தபோது, சமைத்த கை சுத்தமில்லை என்று தங்கை அவரை நிறுத்தினாளே, அதே மாஸ்டர்தான். அங்கே அவரை அடுப்புப் பக்கமே விடுவதில்லை. விஷயம் எல்லா ஹோட்டல்களுக்கும் தெரிந்துவிட்டது. பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வந்திருப்பதைப் பார்த்து எழுந்து வந்து, தானாகவே டார்ச்சை வாங்கிப் பிடித்தார். கையைப் பார்த்தேன். சோப்பு போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறார் என்று அங்கே இருப்பவர்கள் கேலி பேசுகிறார்கள்.

நான் வேலை முடிக்கும்வரை வெளிச்சம் காட்டிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டார். "சார், மிஷினு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும். வேக வச்ச கோழி ஒரு ராத்திரி அஞ்சு டிகிரியில இருந்தா கெட்டுப்போகுமா?"

கெடாது என்றேன். அது உண்மைதானே.

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப என் கைதான் சார்" என்று சொல்லிவிட்டு டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, அந்தக் கோழி ஐந்து டிகிரியில் இருக்கவில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

நாலு மாதத்துக்கு முன்னால் சுகாதார அதிகாரி வரப்போகிறார் என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். கோழியும் பாலும் வைக்கிற கோல்ட் ரூமில் பதினோரு டிகிரி இருந்தது. கதவு ரப்பர் கிழிந்திருந்தது, உள்ளே விசிறி மோட்டார் பாதி செத்திருந்தது. மோட்டார் வர ஒரு வாரம் ஆகும் என்றேன். நீங்கள் தயங்கித் தயங்கி, மீட்டரில் ஏதாவது செய்ய முடியுமா என்றீர்கள். முடியும். செட்டிங்கில் போய், இருப்பதைவிட ஆறு குறைத்துக் காட்டு என்று வைத்தால் போதும், இரண்டு நிமிட வேலை. வைத்தேன். அதிகாரி வந்தார், ஐந்து என்று எழுதிக்கொண்டார், காபி குடித்தார், போய்விட்டார். ஒரு வாரத்தில் மோட்டாரைப் போட்டு மீட்டரையும் சரி செய்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். பிறகு புதுக் கடை வேலை வந்தது, நீங்கள் வெளியூருக்குப் போய்விட்டீர்கள். நான் ஐஸ் மிஷினுக்காக இரண்டு முறை உங்கள் கடைக்கு வந்தேன். அந்தக் கதவுப் பக்கம் பார்க்காமலே திரும்பிப் போனேன். பெண் கொடுத்த வீட்டில் எதையும் அழுத்திச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்டது நீங்கள்தான், ஆனால் செய்த கை என்னுடையது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. மீட்டர் நம் கண்ணுக்கு மட்டும் பொய் சொல்லவில்லை. கம்ப்ரஸரும் அதைக் கேட்டுத்தான் ஓடும். ஐந்து வந்துவிட்டது என்று நினைத்து அது பாட்டுக்கு நின்றுவிடும். உண்மையில் பதினொன்று இருக்கும்போதே நின்றிருக்கிறது. நான் கை வைக்காமல் விட்டிருந்தால்கூட அது ஓடி ஓடி ஒன்றிரண்டு டிகிரியாவது இறக்கியிருக்கும். இருபத்தாறு வருட அனுபவக்காரனுக்கு அன்றைக்கு இது உறைக்கவில்லை.

தங்கை காலையும் மாலையும் அந்த மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவாளே, அந்த நோட்டை நேற்று பார்த்தேன். நாலு மாதமும் அவள் குண்டு குண்டான எழுத்தில் ஐந்து, ஐந்து, நாலு, ஐந்து. மாஸ்டர் ஒருமுறை அவளிடம் வந்து, "ரூம் ஜில்லுனு இல்லம்மா, பால் திரிஞ்சு போவுது" என்று சொன்னாராம். அவள் இந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டினாளாம். இதை அவளே பெருமையாக என்னிடம் சொன்னாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

நேற்று காலை நீங்கள் சொல்லாமலே நான் போய் வேலையை ஆரம்பித்துவிட்டேன். கோழி, பால் எல்லாவற்றையும் பெரிய பிரிட்ஜுக்கு மாற்றச் சொன்னேன். உள்ளே கட்டியிருந்த ஐஸை உடைத்து மூன்று வாளி அள்ளினேன். கதவு ரப்பர் புதிது போட்டாகிவிட்டது. பிறகு மீட்டரைப் பழையபடி வைத்தேன். பதினொன்று காட்டியது. தங்கை பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னண்ணா, நல்லா இருந்ததப் போய்க் கெடுத்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்தது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏழுக்கு இறங்கியது. மோட்டார் வெள்ளிக்கிழமை வருகிறது, போட்டதும் நாலுக்கு வந்துவிடும். மிஷின் பக்கம் இனிக் கவலையில்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பழியை நானே ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மெக்கானிக் தப்பாக செட்டிங் வைத்துவிட்டான் என்று சொன்னால் முடிந்துவிடும். ஆனால் தங்கையை உங்களுக்குத் தெரியும். ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்பாள். அவளிடம் இன்னொரு பொய்யைச் சொல்ல என்னால் முடியாது. உங்களைக் காட்டிக்கொடுக்கவும் வாய் வராது. அவளுக்கு அது என் வாயால் தெரிந்தால் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும். உங்கள் வாயால் தெரிந்தால் கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள், பிறகு உங்களுக்குச் சோறு போடுவாள். அவ்வளவுதான். என் தங்கையை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மாஸ்டர் வீட்டுக்குப் போகப்போகிறேன். அதை இனித் தள்ளிப்போட முடியாது. அதற்குள் நீங்கள் வந்து தங்கையிடம் சொல்லிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு என்னோடு வர வேண்டும். திரும்ப வேலைக்கு வருகிறாரா இல்லையா என்பது அவர் இஷ்டம். ஆனால் நம் கடை அடுப்படியில் நிற்கிற எல்லோர் முன்னாலும், அவர் கையில் எந்தத் தப்பும் இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். வயதில் மூத்தவன் கைகூப்பிக் கேட்கிறேன், மறுக்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் தங்கை நோட்டில் ஏழு என்று எழுதினாள். வழக்கமில்லாமல் பக்கத்தில் ஒரு வரியும் எழுதி வைத்திருக்கிறாள்: "அண்ணா பார்த்தாச்சு, இனி பயமில்லை." அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டு நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையில்லை. சனிக்கிழமை பஸ்ஸுக்கு வந்து நிற்பேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மச்சான்